ஏழாம் அத்தியாயம்: மார்கழி மாதத்துச் சென்னை

பெரிய நகரம் ஒன்றை ஆற அமர அனுபவிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வருகிற பிரயாணிக்கு, அங்கே பார்ப்பதற்கு என்னென்ன இருக்கின்றன என்ற ஜாபிதாவைக் காட்டிலும், எந்தப் பொழுதில் எது பூரண சோபையோடு இருக்கும் என்ற விவரமே அதிகப் பிரயோசனமுள்ளது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். சென்னையைப் பொறுத்தவரையில் இது முக்காலும் உண்மை. சித்திரையிலும் வைகாசியிலும் வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் இந்த ஊர், மார்கழி பிறந்த மாத்திரத்தில், விடியற்காலையில் வாசல்தோறும் கோலமும், கோவில்தோறும் திருப்பாவை திருவெம்பாவைப் பாராயணமும், காலை எட்டு மணி தொடங்கி இரவு வரையில் சபாதோறும் சங்கீதமும் நாட்டியமுமாக, இது வேறோர் ஊரோ என்று வியக்கும்படி மாறிவிடுகிறது. வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் சென்னைக்கு வர முடியும் என்கிறவர்களுக்கு நான் தயக்கமின்றிச் சொல்லும் காலம், டிசம்பர் மாதத்தின் நடுவிலிருந்து பொங்கல் வரையில் உள்ள நான்கு வாரங்களே.

அதற்கு முன்னால் வரவேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் வலுக்கிற வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முதல் வாரத்திலும் ஓய்ந்துவிடுவதில்லை. 2015-லும் 2023-லும் நகரம் வெள்ளத்தில் தத்தளித்தது அந்த முதல் வாரத்திலேதான். மாதத்தின் பிற்பாதியிலும் ஓரிரு நாள் தூறல் வரக்கூடும் என்றாலும், அதற்கு ஒரு குடையும், புகைப்படக் கருவி கொண்டுவருகிறவர்களுக்கு அதை மூடி வைக்க ஒரு பிளாஸ்டிக் உறையும் போதும். ஜனவரி பிறந்துவிட்டால் வானம் தெளிந்து, காலை வேளைகளில் ஒரு மெல்லிய குளிரும் வந்து சேருகிறது.

பிரயாண ஏற்பாடு

ரயிலில் வருகிறவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது, முன்பதிவுக்கு முன்பு 120 நாள் இருந்த அவகாசம், 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதை. டிசம்பர் 20-ஆம் தேதி புறப்பட விரும்புகிறவர் அக்டோபர் 21-ஆம் தேதியன்றே விழிப்பாக இருக்க வேண்டும். வருகிற டிக்கெட்டைக் காட்டிலும் திரும்புகிற டிக்கெட்டில் அதிகக் கவலை வேண்டும். ஏனெனில் பொங்கலுக்கு முந்தைய நாட்களில் சென்னையை விட்டுத் தென் மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகள், பதிவு திறந்த சில நிமிஷங்களுக்குள்ளாகவே நிரம்பிவிடுகின்றன. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே ஊர் திரும்பிவிடுவதாகத் திட்டம் வகுத்துக்கொள்பவருக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதில் வாடகையை மட்டும் பார்ப்பவர்கள், மிச்சம் பிடித்த பணத்தை ஆட்டோவிலும், அதைவிட அருமையான பொழுதைப் போக்குவரத்து நெரிசலிலும் இழந்துவிடுகிறார்கள். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை ஆகிய பகுதிகளில் எங்காவது ஒரு சுமாரான விடுதி கிடைத்தாலும் அதையே நான் சிபாரிசு செய்வேன். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில் இருக்கின்றன, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப்பும், ரசிக ரஞ்சனி சபாவும், கிழக்கு மாட வீதியிலுள்ள பாரதிய வித்யா பவனும் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. கிருஷ்ண கான சபாவுக்கும் வாணி மகாலுக்கும் போகத் தியாகராய நகர் வரையில் சென்றாக வேண்டும். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கிக் கபாலீசுவரர் கோவிலுக்கு நடந்தே போய்விடலாம். மயிலாப்பூரிலும் லஸ்ஸிலும் மெட்ரோ ரயில் பணிக்காக வீதிகளைத் தோண்டிப் பாதைகளைத் திருப்பிவிட்டிருக்கும் காலத்தில், கால்நடையாகச் செல்பவரே மற்றவர்களுக்கு முன்னால் சபாவுக்குப் போய்ச் சேருகிறார்.

இனி, திட்டத்தின் சாரமான விஷயம். நாலு நாள் வந்த இடத்தில் நாற்பது இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்ற வேகம் யாருக்கும் இயல்பாகவே எழுகிறது. அந்த வேகத்துக்கு இடங்கொடுத்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு, பார்த்தவற்றில் ஒன்றையேனும் முகம் தெரிய நினைவுகூர இயலாமல் தவிப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். முற்பகலுக்கு ஒரு காரியம், பிற்பகலுக்கும் இரவுக்குமாக ஒரு காரியம், இடையில் சாப்பாடும் சற்றுக் கண்ணயர்தலும் என்று வைத்துக்கொண்டால் போதும். வார விடுமுறைகளை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, முட்டுக்காட்டிலுள்ள தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமையை, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே சென்று, செட்டிநாட்டு வீட்டையும் கேரளத்து மரவீடுகளையும் மூல இடத்திலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து நிறுவியிருக்கும் தக்ஷிணசித்ராவுக்கு ஒதுக்கிவிடுவது உசிதம். 1996-ல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் அரை நாளாவது செலவழியும்.

விடியற்காலையும் புகைப்படமும்

புகைப்படம் எடுப்பதில் ஆசையுள்ளவர், கையில் இருப்பது விலையுயர்ந்த கருவியாயினும் சரி, சாதாரணக் கைப்பேசியாயினும் சரி, இந்த ஊரைப் பற்றிய ஒரு பூகோள உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வித்தை கைவந்ததாகவே கொள்ளலாம். சென்னை கிழக்கே கடலைக் கொண்ட ஊர். மார்கழியில் சூரியன் சுமார் ஆறரை மணிக்கு, நேர் கிழக்கிலிருந்து தெற்கே நன்றாக ஒதுங்கி உதிக்கிறான். நாள் முழுவதும் தென்வானத்தில் தாழ்ந்தே சஞ்சரிக்கிறான். ஆகையால் கோடையில் எட்டு மணிக்கே தலைக்கு மேல் ஏறித் தட்டையாக அடிக்கும் வெளிச்சம், இந்த மாதத்தில் ஒன்பதரை மணி வரையிலும் சாய்வாக விழுந்து, சுவரின் காரை உதிர்ந்த இடத்தையும், பூக்காரியின் முகத்துச் சுருக்கங்களையும், கோவில் மதிலின் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே எடுத்துக் காட்டுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம் மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலை. ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959-ல் நிறுவப்பட்ட அந்தச் சிலையில், நான்கு மனிதர்கள் ஒரு பெரும் பாறையைப் பெயர்த்துத் தள்ள முயல்கிறார்கள். விடியற்காலையில் சாலைப் பக்கத்தில் நின்று கடலை நோக்கினால், அவர்கள் சிவந்த வானத்தின் முன்னால் கறுத்த உருவங்களாகத் தெரிவார்கள். தசையும் நரம்பும் மறைந்து, நான்கு உடல்களும் ஒரே திசையில் சாய்ந்து முட்டுகிற அந்தக் கோடு ஒன்றே மிஞ்சும். மணற்பக்கம் போய்த் திரும்பி நின்று பார்த்தாலோ, அதே வெயில் முதுகுகளிலும் தோள்களிலும் பட்டு ஒவ்வொரு தசையும் புடைத்து நிற்கும். இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், முதலாவதே என்பேன். சிற்பியின் எண்ணத்தின் முதுகெலும்பு அந்தச் சாய்ந்த கோட்டிலேதான் இருக்கிறது.

மயிலாப்பூரிலும் இதே விதி செல்லும். கபாலீசுவரர் கோவிலின் திருக்குளம் கோவிலுக்கு மேற்கே இருப்பதால், குளத்தின் மேல்கரையில் காலையில் நின்றால் கோபுரம் நிழலுருவாகத் தோன்றும். மழைக்காலம் முடிந்த தருணமாகையால் குளத்தில் தண்ணீர் இருக்கும், அதில் அந்த நிழலுருவின் பிரதிபிம்பமும் விழும். கோபுரத்துச் சுதைப் பொம்மைகளை வர்ண விவரத்தோடு எடுக்க விரும்புகிறவர், கிழக்கு ராஜகோபுரத்தைக் காலையிலும், குளத்துப் பக்கத்தை மாலை நாலரை மணிக்கு மேலும் பார்க்க வேண்டும். மாட வீதிகளில் கோலம் போடுவது இருள் பிரியுமுன்பே நடப்பது. தெரு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், ஈரம் காயாத தரையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவு ஒரே சீராக இழிகிற அந்தக் கையைப் படமெடுக்க ஃபிளாஷ் உதவாது. அது மாவின் வெண்மையை வெளுத்துத் தரையின் ஈரத்தையும் கொன்றுவிடும். கருவியை ஒரு படிக்கட்டின் மேல் ஆடாமல் ஊன்றிக்கொண்டு, “எடுத்துக்கலாமா அம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் நமஸ்காரம் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுங்கள். கேளாமல் எடுத்த படம் எவ்வளவு அழகாக அமைந்தாலும் அது பறித்துக்கொண்டதுதான்.

இதே வீதிகளில் மார்கழி விடியலில் பஜனை கோஷ்டிகள் வலம் வருகின்றன. பாபநாசம் சிவன் தாமே முன்னின்று நடத்திய சம்பிரதாயம் இது. கோஷ்டிக்குப் பின்னாலோ பக்கத்திலோ நடந்துகொண்டே எடுப்பது முறை; முன்னால் ஓடிப்போய்க் குறுக்கே நிற்பது பாடுகிறவர்களின் லயத்தையே குலைத்துவிடும். கர்ப்பக்கிருகத்தின் பக்கம் கருவியைத் திருப்பவே கூடாது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சேரி மண்டபத்துக்குள்ளும் கருவி பையிலேயே இருக்கட்டும். ராக ஆலாபனையின் நடுவே முன்வரிசையில் ஒளிரும் கைப்பேசித் திரை, அதை வைத்திருப்பவருக்கு ஒரு மங்கலான படத்தைக் கொடுத்து, பின்னால் இருக்கும் நூறு பேருடைய கவனத்தைப் பறித்துக்கொள்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகம்

புகைப்படக் கலைக்கும் இந்த அருங்காட்சியகத்துக்கும் பழைய பந்தம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற பார்வையே மாறும். 1851-ல் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில், கல்லூரிச் சாலையிலிருந்த கட்டடத்தில் தொடங்கி, சில வருஷங்களுக்குள்ளாகவே இப்போதுள்ள பாந்தியன் சாலைத் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்த இந்த நிலையத்தில், கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள அமராவதி ஸ்தூபத்திலிருந்து வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்து அனுப்பிய சலவைக்கல் போன்ற வெளிர்ந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் வந்து கிடந்தன. சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்றிருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-ல் அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். மறு வருஷமே அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டன. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இங்கே தங்கியவையும், பிற்காலத்து அகழ்வுகளில் கிடைத்தவையுமே எழும்பூரில் நாம் காண்பவை.

அவற்றுள் ஒரு வட்டச் சிற்பத்தின் முன்னால் கால் மணி நேரம் நிற்கும்படி ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கிய கதை அது. ஒரே வட்டத்துக்குள் அந்த யானை இரண்டு முறை வருகிறது: ஒரு பக்கம் ஆட்களைத் துதிக்கையால் வாரி, காலடியில் மிதித்து வெறியோடு பாய்கிறது, மறுபக்கம் அதே யானை புத்தரின் முன்னால் மண்டியிட்டுத் தலை தாழ்த்திக் கிடக்கிறது. நடுவிலே ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பதறுவதும், மேலே மாடங்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பதுமாக, கோபத்துக்கும் சாந்திக்கும் இடையில் கழிந்த காலம் முழுவதையும் சிற்பி அந்தக் கல்லில் அடக்கியிருக்கிறான். கண்ணை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் கதை தானாக நடக்கும். தூர நின்று மொத்தமாகப் பார்த்துவிட்டு நகர்கிறவர்களுக்கு அது வெறும் கூட்டமாகவே தோன்றும்.

வெண்கலச் சிலைக்கூடம் இந்த அருங்காட்சியகத்தின் ஜீவநாடி. சோழ நாட்டுக் கோவில்களைச் சேர்ந்த உற்சவ மூர்த்திகள் பல, படையெடுப்பும் கொள்ளையும் நேர்ந்த காலங்களில் பாதுகாப்புக்காக மண்ணில் புதைக்கப்பட்டு, புதைத்தவர்களும் மறைந்துபோய், நூற்றாண்டுகளுக்குப் பிறகு உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ வெளிப்பட்டன. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டத்தின் பயனாக அப்படிக் கிடைத்தவற்றில் பல இங்கே வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் மெழுகில் உருச் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பிறகு மண் அச்சை உடைத்து எடுத்தது. அச்சு உடைந்துபோவதால் ஒரு மூர்த்தியைப் போல மற்றொன்று இருக்க முடியாது.

திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றி அறியாத தமிழர் சிலரே. ஆனாலும் பிரான்சு தேசத்துச் சிற்பி ரோடின், இந்தியாவுக்கு வராமலே, இந்த அருங்காட்சியகத்து நடராஜரின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு, முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கோணமாகப் பார்த்துப் பரவசப்பட்டு எழுதினார் என்பதும், அது அவர் காலமான பின் 1921-ல் பாரிஸில் அச்சேறியது என்பதும் பலருக்குத் தெரியாது. கடல் கடந்த ஒருவர் காகிதத்தில் பதிந்த நிழலைக் கொண்டு அவ்வளவு தூரம் கண்டிருக்க, மூர்த்தியின் முன்னாலேயே நிற்கும் பாக்கியம் பெற்ற நாம் அரை நிமிஷத்தில் நகர்ந்துவிடலாகாது. பக்கவாட்டில் போய் நின்று, தூக்கிய திருவடியின் முழங்காலிலிருந்து விரல் நுனி வரையில் கண்ணை ஓட்டுங்கள். பிறகு, ஊன்றிய காலின் கீழ் முயலகன் முகத்தைக் குனிந்து பாருங்கள்.

எனக்கு அந்தக் கூடத்தில் எல்லாவற்றுக்கும் மேலான மூர்த்தி, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் உமை. சிவனுடைய பாகத்தில் இரண்டு கைகள். அவற்றுள் ஒன்று, இப்போது அங்கே இல்லாத ரிஷபத்தின் மேல் சாய்ந்திருந்ததற்கு அடையாளமாக மடங்கி நிற்கிறது. தேவியின் பாகத்தில் ஒரே கை. ஒரு துடையில் ஆடை குட்டையாக நின்றுவிட, மறுதுடையில் கணுக்கால் வரையில் இறங்குகிறது. இந்த அடையாளங்களை எல்லாம் கண்டுகொண்ட பிறகு, சற்றுப் பின்வாங்கி நின்று இடுப்பைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் திடமாக இறங்கும் கோடு, மறுபக்கத்தில் வளைந்து பூரித்து இறங்குகிறது. ஆனால் எந்த இடத்தில் ஆண் முடிந்து பெண் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது. தத்துவம் பேசுகிறவர்கள் ஏடு ஏடாக விளக்குவதை அந்த ஸ்தபதி ஓர் இடுப்பின் கோட்டில் சாதித்திருக்கிறார். பின்புறம் காணும்படி வைத்திருந்தால் அதையும் விடாமல் பாருங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரிதான் இந்நாட்டின் பழைய கற்கால ஆராய்ச்சிக்குத் துவக்கம்; அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகளும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் இங்கே உண்டு. குழந்தைகளோடு வருகிறவர்கள் திமிங்கில எலும்புக்கூட்டைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டியதில்லை. வளாகத்திலுள்ள 1896-ஆம் வருஷத்து நாடக அரங்கையும், ஹென்றி இர்வின் வரைந்து 1909-ல் திறக்கப்பட்ட சிவந்த கலைக்கூடக் கட்டடத்தையும் வெளியிலிருந்து பார்ப்பதே ஓர் ஆனந்தம். உள்ளே படமெடுக்கக் கட்டணமும் நிபந்தனையும் உண்டு. சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கோட்டை அருங்காட்சியகத்தை இதே நாளில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. 1680-ல் பிரதிஷ்டையான புனித மேரி தேவாலயத்தோடு சேர்த்து அதற்கென்று வேறொரு முற்பகல் வேண்டும். தலைமைச் செயலகம் அந்த மதிலுக்குள் இருப்பதால் அடையாள அட்டையைக் கொண்டுபோவதும் அவசியம்.

கச்சேரி

1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதை ஒட்டி நடந்த அகில இந்திய சங்கீத மகாநாட்டின் பலனாக, மறு வருஷம் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பர் மாதத்து இசைவிழா என்ற வழக்கம் அங்கிருந்து வேர்விட்டு, இன்று பல சபாக்களிலுமாகப் பரவியிருக்கிறது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் மூத்தது. 1943-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று தொடங்கிய தமிழ் இசைச் சங்கம், ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ்ப் பாடல்களுக்கே முதன்மை தந்து விழா நடத்துவதோடு, பண் ஆராய்ச்சிக் கூட்டங்களையும் நடத்திவருகிறது. தேவாரப் பண்களைக் கேட்டு அறிய விரும்புகிறவர்கள் அந்தக் கூட்டங்களை நழுவவிடக் கூடாது. பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம் என்ற பெயரில் பூங்காக்களிலும் மைதானங்களிலும் பறையும் கரகமும் ஒயிலாட்டமும் நடைபெறுகின்றன. சபாவின் நாற்காலியில் மட்டுமே இந்த நாட்டின் இசை இருக்கிறது என்று எண்ணுகிறவர், ஒரு மாலை அந்தப் பறையொலிக்கு நடுவே நின்று பார்க்கட்டும்.

சீசனின் நிகழ்ச்சி நிரலைப் பத்திரிகைகளும் சபாக்களும் டிசம்பர் தொடக்கத்துக்குள் வெளியிட்டுவிடுகின்றன. பிரபலமானவர்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட்டு வாங்குவது சிரமமான காரியம். சீசன் முழுவதற்கும் சந்தா கட்டியவர்கள் போக மிஞ்சும் இடங்களுக்குக் காலையிலேயே போய் நிற்க வேண்டியிருக்கும். அதற்காக மனம் தளர வேண்டாம். அகாடமியில் காலை எட்டு மணியளவில் தொடங்கும் விளக்கவுரைகளுக்கு டிக்கெட்டு கிடையாது. ஒரு வித்வான் தாம் ஆயுள் முழுவதும் ஆராய்ந்த ஒரு ராகத்தையோ ஒரு வாக்கேயக்காரரின் போக்கையோ பாடிக் காட்டி விளக்க, கேட்டிருக்கும் மூத்த வித்வான்கள் எழுந்து சந்தேகம் கேட்கிற அந்தச் சபை, சங்கீதம் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல பள்ளிக்கூடம்.

கச்சேரியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மூன்று மணி நேரம் நீளமாகத் தோன்றாது. இன்றைய மேடை வழக்கம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்த ஒழுங்கைத் தழுவியது. வர்ணத்தில் குரல் பதப்பட்டு, சில கீர்த்தனைகளில் களைகட்டி, நடுவில் ஒரு பெரிய ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்து, அதற்குரிய கீர்த்தனையில் நிரவலும் கற்பனை ஸ்வரமும் பாடி, தனி ஆவர்த்தனத்துக்கு இடம்விட்டு, அவகாசமிருந்தால் ராகம் தானம் பல்லவியும் பாடி, கடைசியில் பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா முதலிய துக்கடாக்களோடு மங்களம் பாடி முடிப்பது அந்த ஒழுங்கு. முதல் நாளே ராகத்தின் பெயரைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பதறாதீர்கள். ஒரே ஒரு ராகத்தை, உதாரணமாக மோகனத்தையோ கல்யாணியையோ, முன்பே வீட்டில் நன்றாகக் கேட்டுக் காதில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வந்த இடத்தில் அது இரண்டாம் முறையாக வேறொருவர் குரலில் எழும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தக் கணத்தில் உண்டாகிற சந்தோஷம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

தாளத்தையும் கையிலேயே கற்றுக்கொள்ளலாம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: துடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணிக்கை, பிறகு ஒரு தட்டு, ஒரு வீச்சு, மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. பக்கத்து நாற்காலியிலுள்ள பெரியவரின் கையைப் பார்த்துக்கொண்டே சத்தமின்றிப் போட்டு வாருங்கள். இரண்டு கச்சேரிக்குள் கை பழகிவிடும். பழகிய பிறகு மிருதங்கக்காரர் கணக்கை எங்கே விலக்கி எங்கே கொண்டுவந்து சேர்க்கிறார் என்பது புலனாகத் தொடங்கும்.

பசியைப் பற்றி ஒரு வார்த்தை. சீசனில் பெரிய சபாக்கள் எல்லாவற்றிலும் கான்டீன் உண்டு. கச்சேரிக்கு டிக்கெட்டு வாங்காதவர்களும் அங்கே போய் அடை அவியலும் கீரை வடையும் அசோகாவும் சாப்பிடலாம், நண்பகலில் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும். கச்சேரி விடுகிற நேரத்தில் கூட்டம் நெரியும். அரை மணி முந்திப் போவது நல்லது.

தனி ஆவர்த்தனத்தைப் பற்றி நான் மன்றாடியே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாடகர் தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மௌனமாகிவிட்ட அந்த நிமிஷத்தில், அதுதான் காபிக்கு நேரம் என்று வரிசை வரிசையாக எழுந்து போகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் தொடங்கி ஆயுள் முழுவதும் சாதகம் செய்த மிருதங்க வித்வானும் கடம் வித்வானும், இரண்டு மணி நேரம் பிறர் பாட்டுக்குப் பக்கபலமாக வாசித்துவிட்டு, தமக்கென்று பெறுகிற கால் மணி நேரம் அது. வாசகர்களே, அந்தக் கால் மணி நேரம் எழுந்திருக்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். பல சபாக்களில் நண்பகல் தொடங்கி நாலு மணி வரையில் நடக்கிற கச்சேரிகளுக்குக் கட்டணமே கிடையாது. பாடுகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளம் வித்வான்கள். ஒரு வருஷம் முழுவதும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத் தயார் செய்துகொண்டு வந்திருப்பார்கள். எதிரே பாதி நாற்காலிகள் காலியாகவே இருக்கும். நாளைக்கு மாலைக் கச்சேரிக்கு டிக்கெட்டு கிடைக்காமல் நீங்கள் வரிசையில் நிற்கப்போவது இவர்களில் ஒருவருக்காகத்தான். மாலைக் கச்சேரிக்கு இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், சென்னையில் தங்கும் நாட்களில் ஒரு பிற்பகலையாவது அவர்களுக்குக் கொடுங்கள். முன்வரிசையிலேயே இடம் இருக்கும், அங்கே போய் உட்காருங்கள்.